கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாங்கள் சிலர் சேர்ந்து பராமரிக்கும் ஒரு சிறிய கட்டற்ற மென்பொருள் (யாரும் மூலநிரலைப் பார்த்து, மாற்றிப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள்) திட்டத்திற்குப் புதிதாக வந்த கல்லூரி மாணவர் ஒருவர், சென்ற மாதம் ஒரே வழு (மென்பொருள் பிழை) அறிக்கையின் கீழ் ஐந்து நாட்களுக்குள் மூன்று முறை "ஏதேனும் முன்னேற்றம் உண்டா?" என்று எழுதியிருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேறொருவருக்கு எழுதிய அதே வரிகள் அவை. வசை பாடாதீர்கள், ஆவணத்தைப் படித்துவிட்டுக் கேளுங்கள் என்பவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை. நல்ல எண்ணத்தோடு வருபவர்களும் செய்துவிடுகிற சில தவறுகள் உண்டு. அவற்றைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

எண்ணிக்கைக்காகத் திருத்தம் அனுப்புவது

கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க ஊக்குவிக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வு 2020 அக்டோபரில் நடந்தபோது, நான்கு புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளக் கோரும் விண்ணப்பம்) அனுப்பினால் டி-ஷர்ட் கிடைக்கும் என்பதற்காக, ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் "அருமையான திட்டம்" என்று ஒரு சொற்றொடரை மட்டும் சேர்த்துப் பலர் அனுப்பினார்கள். அந்த வெள்ளத்தைத் தாங்க முடியாமல் பராமரிப்பாளர்கள் முறையிட்டதால், தாமாக முன்வந்து இணையும் திட்டங்களை மட்டும் கணக்கில் கொள்வதென ஏற்பாட்டாளர்கள் அந்த மாதத் தொடக்கத்திலேயே விதியை மாற்றினார்கள். அப்படி வரும் ஒவ்வொன்றையும் ஒருவர் திறந்து, படித்து, காரணம் எழுதி மூட வேண்டும் என்பதை அனுப்புகிறவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஊதியம் வாங்காதவரிடம் தேதி கேட்பது

இதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதற்கு நான் விலை கொடுத்திருக்கிறேன். அப்போது நான் வேலை பார்த்த நிறுவனத்தில், பிடிஎஃப் கோப்புகளிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்க ஒரு சிறிய நிரலகத்தை (பிற மென்பொருள்கள் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பை) பயன்படுத்தினோம். அதில் இருந்த ஒரு வழுவுக்கு யாரோ ஒருவர் அனுப்பிய பேட்ச் (திருத்த நிரல்) இரண்டு மாதங்களாகச் சேர்க்கப்படாமல் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் வாடிக்கையாளருக்கு வேலையை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்த அவசரத்தில், "இத்திட்டம் உயிரோடு இருக்கிறதா? உங்களால் முடியாவிட்டால் வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிடலாமே" என்று எழுதினேன். மூன்று பேர் அதற்கு விருப்பக்குறி இட்டார்கள். அந்தப் பராமரிப்பாளர் தம் ஊரில் அதிகாலை மூன்று மணியாக இருந்தபோது நான்கு வரிகளில் மன்னிப்புக் கேட்டு, மகனோடு மருத்துவமனையில் இருப்பதாகச் சொல்லி, பேட்சையும் சேர்த்துவிட்டார். இரண்டு வாரங்கள் கழித்துத் திட்டத்தையே மூடிவிட்டார். அதன்பின் அந்த நிரலகத்தை நாங்களே நகலெடுத்துப் பராமரிக்க வேண்டியதாயிற்று; அடுத்த ஆறு மாதங்கள் எங்களில் இருவருடைய உழைப்பு அதற்கே போயிற்று. அந்த பேட்சை முதல் நாளே எங்கள் கணினியில் நாங்களாகவே சேர்த்துக்கொண்டிருக்கலாம். உரிமம் அதைத் தெளிவாக அனுமதித்திருந்தது. இன்றும் யாராவது அதே தொனியில் எழுதுவதைக் காணும்போது எனக்குக் கோபம் வருகிறது.

இந்தத் தொனி எவ்வளவு ஆபத்தானது என்பதை எக்ஸ்இசட் யூட்டில்ஸ் விவகாரம் காட்டியது. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கும் கோப்புகளைச் சுருக்கும் இந்தக் கருவியை ஒருவரே பல ஆண்டுகளாகப் பராமரித்து வந்தார். 2022இல் சில இணையக் கணக்குகள், பேட்சுகள் தேங்கிக் கிடக்கின்றன என்றும் புதிய பராமரிப்பாளர் வேண்டும் என்றும் அவரை நெருக்கின. ஆர்வம் போய்விடவில்லை, ஆனால் நீண்ட காலமாக இருக்கும் மனநலச் சிக்கல்களால் கவனிக்க இயலவில்லை, இது ஊதியமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள் என்ற பொருளில் அவர் பதில் எழுதினார். அந்த நெருக்கடிக்கு நடுவே உதவிக்கு வந்த ஜியா டான் என்ற பெயருடைய கணக்கு, படிப்படியாகப் புதிய பதிப்புகளை வெளியிடும் உரிமை வரை பெற்று, 2024இல் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளுக்குள் ஒரு கள்ளக்கதவை (பிறர் அறியாமல் கணினிக்குள் நுழையும் வழியை) வைத்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியிலான நுழைவு ஏறக்குறைய அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தேடிய ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்ற மென்பொருள் பொறியாளர், அவ்வாண்டு மார்ச் 29ஆம் தேதி அதை வெளிப்படுத்தினார். நெருக்கிய கணக்குகளும் அதே சூழ்ச்சியின் பகுதி என்றே பலரும் கருதுகிறார்கள். அவர்கள் எழுதியவை அன்று யாருக்கும் விசித்திரமாகத் தோன்றவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது; நாம் நாள்தோறும் எழுதும் வரிகளைத்தான் அவர்களும் எழுதினார்கள்.

அந்த மாணவரிடம் தேதி எதையும் சொல்லாமல் ஒரு வேலையைச் சொன்னேன். எங்களில் யாரிடமும் விண்டோஸ் கணினி இல்லை; சோதனைப் பதிப்பை அவருடைய கணினியில் ஓட்டிப் பார்த்து, பிழைச் செய்தியை முழுமையாக அனுப்பச் சொன்னேன். இரண்டாம் நாள், எந்தக் கோப்பில் எந்த வரியில் நின்றது என்பது வரை எழுதி அனுப்பினார்.

பொதுவில் கேட்க வேண்டியதைத் தனிமடலில் கேட்பது

வேண்டாம்.

"நான் செய்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறைவது

முடியவில்லை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்; அடுத்தவர் அதை எடுத்துக்கொள்வார்.

எடுத்த முடிவை மீண்டும் மீண்டும் கிளறுவது

பைத்தான் என்ற நிரல்மொழியை உருவாக்கிய கீடோ வான் ராசம், பெப் 572 என்ற ஒரே ஒரு முன்மொழிவைப் பற்றிய கடும் வாக்குவாதங்களுக்குப் பின், 2018 ஜூலையில் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். இனி ஒரு முன்மொழிவுக்காக இவ்வளவு போராடி, இத்தனை பேரின் வெறுப்பைச் சம்பாதிக்க விருப்பமில்லை என்பதே அவர் சொன்னதன் சாரம். ஒருவர் தாங்கிய சுமை அதன்பின் ஐவர் கொண்ட குழுவுக்குப் போயிற்று. மறுப்பை ஒரு முறை காரணத்தோடு எழுதுவது பங்களிப்பு. அதையே பத்தாவது முறை எழுதும்போது, படிப்பவருடைய மாலைப்பொழுதைப் பறித்துக்கொள்கிறோம்.

பராமரிப்பவர்கள் செய்யும் தவறு

எல்லாவற்றுக்கும் "பார்க்கிறேன்" என்று சொல்லிப் பழகிவிடுவது எங்கள் பக்கத்துத் தவறு. முடியாது என்று சொன்னால் மனம் வருந்துவார்களோ என்று தயங்கி, பாதி நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறோம். ஆறாவது மாதத்தில் யாரோ ஒரு புதியவர் கேட்ட சாதாரணக் கேள்விக்கு எரிந்து விழுகிறோம். எங்கள் திட்டத்தின் முகப்பில் இப்போது ஒரு வரி இருக்கிறது: "ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் மட்டுமே இதைப் பார்க்கிறோம்." அதைச் சேர்த்த அன்று 140 வழு அறிக்கைகள் நிலுவையில் இருந்தன. சென்ற ஞாயிற்றுக்கிழமைக் கணக்குப்படி 131 இருக்கின்றன.