எல்லாம் எழுத்தாகவே வருகிறது: ஜாங்கோ படிவத்தில் தரவு வகை மாற்றம்

மயிலாப்பூரில் கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுக்கும் பெரியவர் ஒருவருக்கு, பைத்தான் மொழியில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவில் ஆர்டர் படிவம் எழுதிக் கொடுத்தேன். காலைப் பந்திக்கு 250 இலை, மதியப் பந்திக்கு 400 இலை என்று நிரப்பி அவர் பொத்தானை அழுத்தியதும், மொத்தம் 650 என்று வர வேண்டிய இடத்தில் 250400 என்று வந்து நின்றது. "கோயம்பேட்டையே விலை பேசினாலும் இவ்வளவு இலை கிடைக்காதே, தம்பி" என்றார். தவறு என்னுடையதுதான். படிவத்திலிருந்து வந்த இரண்டு மதிப்புகளையும் எண்கள் என்று எண்ணிக் கூட்டியிருந்தேன். அவை எழுத்துச் சரங்களாக இருந்ததால் பைத்தான் அவற்றை ஒட்டிவைத்துவிட்டது.

அதே படிவத்தை இங்கே முறையாகக் கட்டுவோம். ஜாங்கோவை நிறுவி, ஒரு பக்கத்தையாவது உலாவியில் காட்டத் தெரிந்திருந்தால் போதும். ஜாங்கோவின் வகைப் பெயர்களையும் செயற்கூறுப் பெயர்களையும் ஒலிப்பு விளங்குவதற்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டச்ச வேண்டும்.

முதல் படி: வருவது என்ன என்று பாருங்கள்

உலாவிக்கு எண், தேதி, ஆம்-இல்லை என்ற வேறுபாடெல்லாம் திரையோடு சரி. அனுப்பும்போது எல்லாவற்றையும் பெயரும் மதிப்புமாக, வெறும் எழுத்தாகவே அனுப்புகிறது. வியூவுக்குள் (உலாவியின் கோரிக்கைக்குப் பதில் தரும் செயற்கூறு) ரெக்வெஸ்ட்.போஸ்ட்டை, அதாவது படிவத்திலிருந்து வந்த தரவை, அச்சிட்டுப் பார்த்தால் 250 என்பது மேற்கோள் குறிகளுக்குள் இருப்பது தெரியும். தேர்வுப் பெட்டியில் டிக் போடாவிட்டால் அந்தப் பெயரே வந்து சேராது; டிக் போட்டு, மதிப்பு எதுவும் குறிப்பிடாமல் இருந்தால் 'ஆன்' என்ற சொல் வரும். ஒரே பெயரில் பாயசம், வடை, அப்பளம் என்று மூன்றைத் தேர்ந்தெடுத்தால், 'கெட்' கடைசி ஒன்றை மட்டுமே தரும்; மூன்றும் வேண்டுமானால் 'கெட்லிஸ்ட்' என்று கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் புதியவர்கள் பலரும் வியூவுக்குள்ளேயே 'இன்ட்' (எழுத்தை முழு எண்ணாக்குவது) போட்டு மாற்றத் தொடங்குவார்கள். யாராவது அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினால் பக்கமே பிழையில் விழும். அதைத் தடுக்கப் பிழையைப் பிடிக்கும் ஒரு 'ட்ரை', அடுத்த புலத்துக்கு (படிவத்தின் ஒவ்வொரு கட்டமும் ஒரு புலம்) இன்னொன்று என்று வளர்ந்து, பத்துப் புலங்கள் வந்தபின் அந்த வியூவை எழுதியவருக்கே படிக்க முடியாது. மாற்றத்தை வாசலிலேயே, ஒரே ஒரு முறை, படிவ வகுப்பின் கையில் விட்டுவிடுவதே சரி.

இரண்டாம் படி: புலத்துக்கு வகை சொல்லுங்கள்

செயலியின் கோப்புறையில் ஃபார்ம்ஸ் என்ற பைத்தான் கோப்பைத் திறந்து, ஜாங்கோவின் ஃபார்ம் வகுப்பிலிருந்து ஒரு வகுப்பை உருவாக்குங்கள். இலை எண்ணிக்கைக்கு இன்டிஜர்ஃபீல்டு. குறைந்த அளவு 1 என்று 'மின்_வேல்யூ' கொடுங்கள். முன்பணத்துக்கு டெசிமல்ஃபீல்டு, மொத்தம் 9 இலக்கம், புள்ளிக்குப் பின் 2 இலக்கம். பணத்துக்கு ஃப்ளோட் (தசம எண்ணைத் தோராயமாக வைக்கும் வகை) வேண்டாம், பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும், அந்தக் கணக்கை ஒப்பந்தக்காரரிடம் விளக்க முடியாது.

தொலைபேசி எண்ணையும் பின்கோடையும் பெயரில் 'எண்' இருப்பதற்காக இன்டிஜர்ஃபீல்டில் போடாதீர்கள். சென்னைத் தரைவழி எண் 044 என்று தொடங்குகிறது. அதை முழு எண்ணாக்கினால் முன்னால் நிற்கும் சுழியம் காணாமல் போய்விடும். எதைக் கூட்டவோ கழிக்கவோ போவதில்லையோ அது எழுத்து என்று வைத்துக்கொண்டு சார்ஃபீல்டு கொடுங்கள். முன்பின் இடைவெளிகளை அதுவே நீக்கிவிடும்.

'வாழையிலை நாங்களே தர வேண்டுமா' என்ற தேர்வுப் பெட்டிக்கு பூலியன்ஃபீல்டு. இதற்கு 'ரெக்வயர்டு' என்பதை ஃபால்ஸ் என்று குறிப்பிட மறந்தால், டிக் போடாத எவருடைய படிவமும் ஏற்கப்படாது.

மூன்றாம் படி: தேதி

தேதிதான் அதிகம் காலை வாருவது, அதுவும் சத்தமில்லாமல். ஜாங்கோவின் இயல்பான மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலம். அதில் சாய்கோடு போட்டு எழுதிய தேதியை டேட்ஃபீல்டு மாதம், நாள், ஆண்டு என்றே படிக்கும். நம் ஊரில் ஒருவர் 05/06/2025 என்று எழுதினால் அது ஜூன் 5. ஜாங்கோவுக்கு அது மே 6. 25/06/2025 என்று எழுதினாலோ 25-ஆவது மாதம் இல்லை என்பதால் பிழைச் செய்தி வரும். அதாவது மாதத்தின் முதல் 12 நாட்களுக்குள் வரும் விசேஷங்கள் பிழையே இல்லாமல் வேறு மாதத்துக்கு மாறிப் பதிவாகும்; நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருந்தால் மட்டும் தப்பிக்கும். இருபதாம் தேதியை வைத்து மட்டும் சோதித்துப் பார்ப்பவர் இந்த ஓட்டையைக் காணவே மாட்டார்.

தீர்வு இரண்டு உண்டு. முதலாவது, டேட்ஃபீல்டுக்கு 'இன்புட்_ஃபார்மட்ஸ்' என்று ஒரு பட்டியல் கொடுத்து, அதில் சதவீதக் குறியுடன் சிறிய டி, சிறிய எம், பெரிய ஒய் என்ற வரிசையைச் சாய்கோடுகளுடன் எழுதுவது. ஒய் சிறியதாக இருந்தால் ஆண்டுக்கு இரண்டு இலக்கம் என்று பொருளாகிவிடும். இரண்டாவது, டேட்இன்புட் விட்ஜெட்டுக்கு (புலத்தைத் திரையில் கட்டமாகக் காட்டுவது விட்ஜெட்) 'டைப்' பண்பை 'டேட்' என்று கொடுத்து, உலாவியின் நாட்காட்டியையே காட்டுவது. திரையில் எந்த வரிசையில் தெரிந்தாலும் உலாவி அனுப்புவது 2025-06-05 என்ற ஆண்டு-மாதம்-நாள் வடிவம்தான். நான் இரண்டாவதையே விரும்புகிறேன். ஆனால் அப்போது 'இன்புட்_ஃபார்மட்ஸ்' பட்டியல் எழுதியிருந்தால் அதில் இந்த வடிவமும் இருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாத் தேதியும் தவறு என்று சொல்லும்.

நான்காம் படி: வியூவில் பயன்படுத்துதல்

ரெக்வெஸ்ட்.போஸ்ட்டைப் படிவ வகுப்புக்குக் கொடுத்து ஒரு பொருளை உருவாக்கி, அதன்மேல் 'இஸ்_வேலிட்' என்று அழையுங்கள். மாற்றம் நிகழ்வது அந்த அழைப்பில்தான்: ஒவ்வொரு புலத்திலும் 'டு_பைத்தான்' எழுத்தை உரிய வகைக்கு மாற்றும், அதன்பின் சரிபார்ப்புகள் நடக்கும். முடிவு 'கிளீன்ட்_டேட்டா' என்ற அகராதியில் இருக்கும். இனி இலைகளைக் கூட்டினால் 650 வரும். 'இஸ்_வேலிட்' அழைக்காமல் 'கிளீன்ட்_டேட்டா'வைத் தொட்டால் அப்படியொன்று இல்லை என்று பைத்தான் சொல்லும். சரிபார்ப்பு தோற்றால் அதே படிவப் பொருளை மீண்டும் பக்கத்துக்கு அனுப்புங்கள். பயனர் எழுதியது அழியாமல், பிழைச் செய்தியோடு திரும்பும்.

ஒன்று கவனிக்க வேண்டும். கட்டாயமில்லாத எண் புலத்தைக் காலியாக விட்டால் சுழியம் வராது, மதிப்பே இல்லை என்று பொருள்படும் பைத்தானின் 'நன்' வரும். காலைப் பந்தி இல்லாத ஆர்டரில் மொத்தம் கூட்டும்போது இதுவே பிழையாகும்.

ஐந்தாம் படி: காற்புள்ளி போட்ட ரூபாய்

நம் பெரியவர் முன்பணத்தை 1,20,000 என்றுதான் எழுதுவார். டெசிமல்ஃபீல்டு அதை இயல்பாக ஏற்காது. எனவே டெசிமல்ஃபீல்டிலிருந்து 'ரூபாய்ஃபீல்டு' என்று ஒரு வகுப்பை உருவாக்கி, அதில் 'டு_பைத்தான்' செயற்கூறை மட்டும் மாற்றி எழுதுங்கள்: வந்த மதிப்பு எழுத்துச் சரமாக இருந்தால் காற்புள்ளியையும் ₹ குறியையும் நீக்கி, மீதியை 'சூப்பர்' வழியாகத் தாய் வகுப்பின் 'டு_பைத்தான்'னிடம் ஒப்படைத்து, அது தருவதைத் திருப்பி அனுப்ப வேண்டும். நான்கே வரிதான். அந்தப் புலத்துக்கு விட்ஜெட்டாக டெக்ஸ்ட்இன்புட்டைக் கொடுக்க மறக்காதீர்கள். இயல்பாக வரும் எண் கட்டம் காற்புள்ளியை உலாவியிலேயே தடுத்துவிடும், நீங்கள் எழுதிய நான்கு வரிக்கு வேலையே வராது.

ஆறாம் படி: ஷெல்லில் சோதனை

உலாவியைத் திறக்காமலே மேனேஜ் கோப்பின் ஷெல் கட்டளையில் எல்லாவற்றையும் சோதிக்கலாம். படிவத்துக்கு ஓர் அகராதியைக் கொடுத்து 'இஸ்_வேலிட்', பிறகு 'எரர்ஸ்' பாருங்கள். 250, 250.0, 250.5, 'இருநூறு', வெற்றுச் சரம் என்று ஒவ்வொன்றாகக் கொடுங்கள். முதல் இரண்டும் 250 ஆகும், மற்றவை கட்டாயப் புலத்தில் தோற்கும். ௨௫௦ என்று தமிழ் எண்ணுருவில் கொடுத்தும் பாருங்கள்: பைத்தானின் 'இன்ட்' யூனிகோடின் பதின்ம இலக்கங்கள் அனைத்தையும் படிக்கும் என்பதால், அதுவும் 250 என்றே திரும்பி வரும்.