பெயின்ட் வாளியில் உரம்: வேளச்சேரி பால்கனியில் எனக்குச் சரிவந்த முறை

2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைமேடு தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. வேளச்சேரியில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறக்க முடியவில்லை. நான் தினமும் வண்டியில் கொட்டும் காய்த்தோலும் அந்த மேட்டுக்குத்தான் போகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய 20 லிட்டர் வாளிகள் இரண்டு பால்கனியில் சும்மா கிடந்தன. காய்த்தோலை அதிலேயே உரமாக்க ஆரம்பித்தேன்.

எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட்) வாளிதான் வேண்டும். எனாமல் (எண்ணெய் பெயின்ட்) டப்பாவை எடுக்காதீர்கள். உள்ளே காய்ந்து ஒட்டியிருக்கும் பெயின்டை உரித்துவிட்டு, வாளியைக் கழுவிக் காய வையுங்கள்.

அப்புறம் ஓட்டை. சுற்றிலும் நான்கு விரற்கடைக்கு ஒன்று, அடியில் எட்டு, மூடியில் ஐந்தாறு. பலர் ஆணியைச் சுட்டுக் குத்துகிறார்கள். பிளாஸ்டிக் புகை நெஞ்சை அடைக்கும், ஓட்டையும் சின்னதாகவே வரும். யாரிடமாவது டிரில்லிங் மெஷின் இரவல் வாங்கி 8 எம்எம் பிட்டில் போடுங்கள், பத்து நிமிட வேலை. வாளியை இரண்டு செங்கல் மேல் நிறுத்தி, கீழே ஒரு பழைய தட்டு வையுங்கள். உள்ளே அடியில் தேங்காய் நாரைப் பிய்த்து மூன்று அங்குலத்துக்குப் பரப்புங்கள்.

இனி தினமும் ஒரு கை காய்த்தோல், அதன் மேல் இரண்டு கை காய்ந்த சமாச்சாரம் (சருகு, கிழித்த அட்டை). இந்த இரண்டாவது பாதியில்தான் நான் சறுக்கினேன்.

ஆரம்பித்தது மே மாதம். வீட்டில் தினமும் தர்பூசணி. தோலை அப்படியே போட்டுவிட்டு, மேலே ஒப்புக்கு நாலு சருகு தூவினேன். பத்தாம் நாள் மூடியைத் திறந்தால் சாக்கடை நாற்றம், அடித்தட்டில் மஞ்சள் தண்ணீர். புளித்த மோர் ஊற்றினால் சரியாகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஊற்றினேன், இன்னும் மோசமானது. பிரச்சினை கிருமி போதாததில் இல்லை, காற்று போதாததில்தான். தோலில் இருக்கும் தண்ணீர் இடுக்குகளை எல்லாம் அடைத்துவிட்டால், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகும். நாற்றம் அவை கிளப்புவது.

வாளியைச் செய்தித்தாளில் கவிழ்த்து, பார்சல் அட்டைப்பெட்டி இரண்டைக் கிழித்துக் கலந்து திருப்பிப் போட்டேன். மூன்றாம் நாள் நாற்றம் இல்லை. மழை பெய்த மண் வாசனைதான் வந்தது.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். கையில் உருண்டையாக நின்று, விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் அட்டை சேருங்கள். உதிர்ந்தால் அரிசி கழுவிய தண்ணீர் கொஞ்சம் தெளியுங்கள். காய்ந்த பொருளில் எனக்குப் பிடித்தது முட்டை அட்டைதான். ஈரத்தை நன்றாக உறிஞ்சும், காற்றுக்கும் இடம் விடும். பார்சல் பெட்டி என்றால் டேப்பை உரித்துவிட்டுக் கிழியுங்கள். வேப்பஞ்சருகும் நல்லதுதான். மாசி, பங்குனியில் தெருவில் கொட்டிக் கிடக்கும்போதே ஒரு சாக்கு நிறைய அள்ளி வையுங்கள், வருஷத்துக்கு ஆகும்.

வாரம் இரண்டு முறை பழைய தோசைத் திருப்பியால் அடிவரை கிளறுங்கள். வாளி நிறைந்ததும் மூடி ஓரமாக வைத்து, அடுத்ததை ஆரம்பியுங்கள். முதல் வாளி இரண்டு மாதத்தில் மூன்றில் ஒரு பங்காக வற்றியது. சலித்து, இரண்டு பங்கு செம்மண்ணோடு கலந்து மிளகாய்ச் செடிக்குப் போட்டேன். மாங்கொட்டையும் முருங்கைக்காய்ச் சக்கையும் சல்லடையில் அப்படியே நின்றன. அவற்றை அடுத்த வாளியில் போட்டுவிடலாம். எண்ணெய்ப் பண்டம், மீன், கறி வேண்டாம்.

பின்சேர்க்கை: எறும்பு வருகிறது என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். டீத்தூளைச் சர்க்கரையோடு போடுகிறீர்களா? வடிகட்டியிலேயே ஒரு தடவை அலசிவிட்டுப் போடுங்கள், எறும்பு குறைந்துவிடும். வெள்ளையாகப் பஞ்சு போலப் படர்வது பூஞ்சை, நல்லதுதான். பழுப்பு நிறத்தில் தட்டையாக நெளியும் புழுக்கள் கழிவைத்தான் தின்கின்றன, கடிக்காது. பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் சருகை அதிகமாகப் போடுங்கள், குறைந்துவிடும்.

இன்னொன்று, ஐப்பசி மழைக்குச் சாரல் அடிக்கும் பால்கனி என்றால் மூடி மேல் பழைய கூரை ஓடு ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். பாலிதீன் சுற்றாதீர்கள். நான் சுற்றி ஒரு வாளியை மறுபடியும் நாறடித்தேன்.