ஏலகிரி வளைவுகளில் வந்த உதறல்

நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை செல்லும் ஆல் வீல் டிரைவ் உள்ள எங்கள் சிறிய கார், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாகத் திரும்பும்போதெல்லாம் பின்புறம் உதறியது. நேர்ச்சாலையில் எந்தக் குறையும் தெரியவில்லை. வேலூர்ப் பட்டறையில் சக்கர பேரிங்கையும், பிறகு வளைவில் இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல உதவும் டிஃபரென்ஷியலின் ஆயிலையும் மாற்றியதில் ஆறு நாட்கள் வீணாயின.

பக்கவாட்டில் கிழிந்த பின் டயர் ஒன்றை முந்தைய மாதம் காட்பாடியில் மாற்றியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அளவும் தயாரிப்பும் மற்றவற்றைப் போலவே இருந்ததால் எவரும் அதைச் சந்தேகிக்கவில்லை. டயரின் மேற்பரப்பில் உள்ள பள்ளங்களின் ஆழத்தை அளந்தபோது புதியதில் 8 மில்லிமீட்டரும் பழையவற்றில் 4 மில்லிமீட்டரும் இருந்தன. சுற்றளவில் இது ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் வேறுபாடு. இதனால் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதை வழுக்கல் என்று எடுத்துக்கொண்டு, பின் சக்கரங்களுக்கு விசை அனுப்பும் கிளட்ச் தேவையின்றி இறுகியிருக்கிறது.

நான்கு டயர்களையும் ஒரே நாளில் மாற்றினேன். அடுத்த ஏற்றத்தில் உதறல் இல்லை, நிம்மதியாக இருந்தது.