எட்டரைக்குப் பரண் இறங்காதே: வசந்தகாலக் கரடி வேட்டையில் நேரப் பிழைகள்

இந்த மே மாதம் என் மருமகனைக் கூட்டிக்கொண்டு கரடி வேட்டைக்கு, கனடாவில் சட்பரி நகருக்கு வடக்கே போயிருந்தேன். லைசன்ஸ் எடுத்து, வேட்டை வகுப்பு முடித்து, நூறு வீடியோவாவது பார்த்துவிட்டு வந்த பெடியன். அப்படியிருந்தும் நான் விட்ட பிழையை அச்சுப்பிசகாமல் விட்டான். ஒன்ராறியோவில் 1999இல் நிறுத்திய வசந்தகாலக் கரடி வேட்டையை 2014இல் சில பகுதிகளில் மட்டும் பரீட்சார்த்தமாகத் திறந்தார்கள். 2016இல் அது பரவலானது. நான் புகுந்தது அந்த வருடம். சொல்லித்தர எங்கள் ஆட்களில் ஒருவரும் இல்லை. இவனுக்கு நான் இருந்தேன், பிரயோசனமில்லை.

துப்பாக்கிப் பூட்டு, செம்மஞ்சள் உடுப்பு எல்லாம் வகுப்பிலேயே தலையில் அடித்துச் சொல்வார்கள். இங்கே நேரத்தோடு சம்பந்தப்பட்டவை மட்டும்.

மானின் கடிகாரத்தில் கரடியைத் தேடுவது

மான் வேட்டையில் பழகியவர்கள் விடிய நாலு மணிக்கு எழும்பி, உறைபனியில் நடுங்கிக்கொண்டு போய் மரப் பரணில் ஏறுவார்கள். மே மாதக் கரடிக்கு அந்த அவசரம் கிடையாது. குளிர்கால உறக்கத்தால் எழும்பின முதல் சில வாரங்கள் அதற்குப் பசியே சரியாகத் திரும்பியிருக்காது. வெயில் ஏறி, தெற்கு பார்த்த சரிவுகளில் புல்லும் குளோவரும் டான்டிலியனும் தளிர்விட்ட இடமாகப் பார்த்து, ஆறுதலாக வந்து மேயும். விடியற்காலையில் வரவே வராது என்று சொல்லமாட்டேன். ஆனால் நாளில் ஒரு தடவைதான் உட்காரலாம் என்றால் நான் மாலையைத்தான் எடுப்பேன். விடியக் காட்டுக்குள் நடந்தால், இரவு இரையில் (கரடியை வரவழைக்கப் பீப்பாயில் வைக்கும் தீனி) கிடந்த கரடியை நீயே கலைத்துவிடவும் கூடும்.

எட்டரைக்கு இறங்குவது

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

சட்பரிப் பக்கம் மே நடுவில் சூரியன் மறைய 8.45 தாண்டிவிடும். சட்டப்படி அதற்குப் பிறகும் அரை மணித்தியாலம் சுடலாம். அதாவது ஏறக்குறைய 9.15 வரை. இரை வைத்த இடத்துக்குப் பெரிய ஆண் கரடி வருவது பெரும்பாலும் அந்தக் கடைசி ஒரு மணித்தியாலத்தில்தான். ஆனால் புதியவன் மூன்று மணியிலிருந்து பரணில் குந்தியிருக்கிறான். நாரி நோகிறது, கறுப்பு ஈ காதுக்குப் பின்னால் இரத்தம் வரக் கடிக்கிறது, ஏழு மணிக்கு மேல் நுளம்பும் சேர்ந்துகொள்கிறது. எட்டரைக்கு மரங்களுக்குள் இருட்டத் தொடங்கியதும் "இனி என்ன வரப்போகுது" என்று பையைக் கட்டிவிடுவான்.

2016இல் எனக்கு வந்துகொண்டிருந்தது நெஞ்சில் வெள்ளைக் கீறல் உள்ள ஒரு ஆண் கரடி. டிரெயில் கமராவில் (ஏதாவது அசைந்தால் தானாகப் படமெடுப்பது) ஒரு கிழமையாக 8.40க்கும் 9 மணிக்கும் இடையில், கந்தோருக்கு வருவதுபோல வந்துகொண்டிருந்தது. படத்தை நானே பார்த்திருக்கிறேன். பார்த்தும், அன்று ஈக்கடி தாங்காமல் 8.20க்கு இறங்கினேன். ஏணியில் சப்பாத்து தட்டுப்பட்டு ஒரு டங் சத்தம். வலது பக்கத்து ஊசியிலை மரங்களுக்குள், ஐம்பது அடிகூட இராது, மூக்கால் ஊதினமாதிரி ஒரு 'ஹஃப்'. பிறகு சுள்ளி முறிகிற சத்தம். அவ்வளவுதான். அது எவ்வளவு நேரமாக அங்கே படுத்திருந்து என்னைக் கேட்டுக்கொண்டிருந்ததோ.

அன்றைய இழப்பைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அதற்குப் பிறகு கமராவில் விழுந்த நேரங்களைப் பாருங்கள்: இரவு 11.40, 1.10, 2.25. ஓட்ஸும் மொலாசஸும் தின்ன அது தவறாமல் வந்தது, வெளிச்சத்தில் மட்டும் வரவில்லை. ஆள் எப்போது போவான் என்று அதற்கு நான்தான் படிப்பித்தேன். ஜூன் 15இல் சீசன் முடிந்தது. ரொறன்ரோவிலிருந்து ஒரு வழிக்கே நானூறு கிலோமீற்றர், நாலு வார இறுதி, பெற்றோல், பழைய டோனட் இரண்டு பீப்பாய். மனிசி இன்றைக்கும் கணக்குச் சொல்லுவாள்.

இந்த வருடம் மருமகனிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நான் குவாட்டில் வந்து ஹோர்ன் அடிக்கும்வரை இறங்காதே." குவாட் என்றால் காட்டுப் பாதையில் ஓடும் நாலு சில்லு மோட்டார் வண்டி. ஒன்பதே காலுக்குப் பிறகு போகிறேன், ஆள் பாதையோரத்தில் ஒரு கல்லில் இருக்கிறான்.

"மாமா, எட்டே காலுக்குப் பிறகு ஒரு அணில்கூடக் கத்தேல்லை. காடே செத்தமாதிரிக் கிடந்தது. அதுதான் இறங்கிட்டன்."

"அட விசரா, அணில் ஏன்டா வாயை மூடினது?"

கமராவைத் திறந்தோம். 8.31க்கு ஏணியில் அவனுடைய முதுகு. 8.52க்கு பீப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு கரடியின் முதுகு.

குவாட் சத்தத்துக்குக் காரணம் இருக்கிறது. கரடி பக்கத்தில் நிற்கும்போது மரத்தால் ஒரு மனிதன் இறங்குவதைக் காட்டக்கூடாது. இன்னொருவர் வண்டியில் சத்தம்போட்டு வந்தால் அது அந்த வண்டிக்காகத்தான் விலகும். பரணில் ஆள் இருந்தது தெரியாமலே போய்விடும். கூட ஆளில்லாவிட்டால் நேரம் முடிந்ததும் தோட்டாவைக் கழற்றிவிட்டு, ஒரு சத்தமும் இல்லையென்று உறுதியாகும்வரை மேலேயே இரு.

ஆறு மணிக்குப் போய் ஏறுவது

மூன்றுக்கு ஏறு. நீ நடந்த வாசம் அடங்க வேண்டாமா?

மேயையும் ஜூனையும் ஒன்றாக எண்ணுவது

மே முதல் கிழமைகளில் வெயிலடிக்கும் பின்னேரம் நல்லது. குளிரான மாலையில் வெளியே வராமலே இருந்துவிடும். மே கடைசியில் இணை தேடும் காலம் தொடங்கினால் ஆண் கரடிக்குக் கடிகாரமே இல்லை, பட்டப்பகல் பதினொரு மணிக்கும் பெண் கரடியின் மணத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து வரும். அந்தச் சில நாட்களில் மட்டும் சாப்பாடு கட்டிக்கொண்டு போய் முழுநாளும் இருப்பேன். வெக்கை கூடிய நாளில் அதுவும் வீண். அந்தக் கறுப்பு உரோமத்தோடு அது ஏதாவது சதுப்பில் படுத்திருக்கும்.

கைபேசியில் ரொறன்ரோ நேரம்

ஒன்ராறியோவின் மேற்கே இருக்கும் தண்டர் பே நகரமும் அதே நேர வலயம்தான், ஆனால் மே நடுவில் அங்கே சூரியன் மறைய ஒன்பதரை ஆகும். நிற்கிற இடத்தில் சூரியன் மறையும் நேரத்தைப் பார்.

மாலைக் காற்று

பகலில் சரிவில் மேலே ஏறிய காற்று பொழுதுபட்டதும் கீழே இறங்கும். மூன்று மணிக்குச் சரியாக இருந்த பரண், உன் வாசம் கரடிப் பக்கம் போய், எட்டு மணிக்குப் பிழையாகலாம்.

கடைசி வெளிச்சமும் குட்டியும்

கடைசி மணித்தியாலத்தைப் பிடி என்றேன், கண்டவுடன் சுடு என்று சொல்லவில்லை. குட்டியையும் குட்டியோடு திரியும் பெண்ணையும் வசந்தத்தில் சுடுவது சட்டவிரோதம். தாய் முன்னால் வந்து பீப்பாயை மணந்துபார்க்கும். குட்டிகளைப் பின்னால் ஏதாவது மரத்தில் ஏற்றிவிட்டு வந்திருக்கும். தனியாக வந்த கரடியென்றாலும் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிரு. அது திரும்பித் திரும்பி ஒரே பக்கம் பார்த்தால் விரலை எடு. ஸ்கோப்பில் தோள் எது, அடிமரம் எது என்று பிரித்துப் பார்க்க முடியாவிட்டால், கடிகாரத்தில் இன்னும் எட்டு நிமிடம் இருந்தாலும் உனக்கு நேரம் முடிந்துவிட்டது.

"விடிஞ்சாப் பிறகு தேடலாம்"

சுட்ட கரடியை விடியும்வரை காட்டில் விட்டால், தடித்த தோலுக்குள் கிடக்கும் இறைச்சி மே இரவிலும் விடியமுன் மணக்கத் தொடங்கிவிடலாம். டோர்ச் இரண்டு கொண்டு போ, பற்றரி புதிதாகப் போடு.