கால் இழந்த ஜவான்களோட ரீஹாப்ல இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

பிசியோ முடிச்சிட்டு புதுசா வர்ற பசங்களைப் பாக்கறேன், எங்க பேட்ச் ஆரம்பத்துல பண்ணின தப்பையே வரிசையா பண்றாங்க. காயத்தை சுத்தமா வைங்க, எக்சர்சைஸ் விடாதீங்கன்னெல்லாம் இங்க எழுதப் போறதில்ல, அது எல்லாருக்கும் தெரியும். கண்ணிவெடில முழங்காலுக்குக் கீழ கால் போன ஜவான்களை மனசுல வெச்சுதான் எழுதறேன். வீட்டுல இருக்கறவங்களும் படிங்க, முக்கியமா முதல் விஷயத்தை.

முழங்காலுக்கு அடியில தலகாணி

இத்தனை வருஷம் கழிச்சும் எனக்குக் கோபம் வர்றது இது ஒண்ணுக்குத்தான். ஆபரேஷன் முடிஞ்சு வார்டுக்கு வந்ததும் வீக்கம் வடியட்டும்னு யாரோ ஒருத்தர் ஸ்டம்புக்கு (வெட்டினது போக மிச்சமிருக்கற காலுக்கு) அடியில தலகாணி வெச்சிடுவாங்க, ஜவானுக்கும் இதமா இருக்கும், அப்புறம் அதை எடுக்கணும்னு யாருக்கும் தோணாது, அதே தலகாணியோட ஊருக்கு சிக் லீவுல வந்து அங்கயும் அதே மாதிரி படுத்திருப்பார்.

உள்ள என்ன நடக்குதுன்னா, முழங்காலை மடக்கற தொடை பின்பக்க தசை நாளெல்லாம் சுருங்கின நிலையிலயே கிடக்கு, மூட்டோட பின்பக்க ஜவ்வும் கூடவே இறுகுது, சில வாரத்துல முழங்கால் நேரா நீட்ட வராது. பத்து டிகிரி மாதிரி மடங்கியிருந்தா செயற்கைக் கால் செய்யறவங்க அலைன்மென்ட்ல, அதாவது காலைப் பொருத்தற கோணத்துல, சமாளிச்சிடுவாங்க. இருபத்தஞ்சு முப்பதுன்னு போயிட்டா சாதாரண சாக்கெட்டே (ஸ்டம்ப் உள்ள நுழையற கிண்ணம்) சரியா உக்காராது, அப்படியே மாட்டி விட்டாலும் அந்தக் கால் குட்டையா நிக்கும், முன்பாதம்தான் தரையைத் தொடும், இடுப்பு முன்னாடி வளையும், முதுகு வலி தனியா வரும்.

வேலூர் பக்கத்து பையன் ஒருத்தர், நல்ல திடமான உடம்பு, காயம் அழகா ஆறியிருந்தது. லீவுல வீட்டுக்கு வந்ததும் பாக்க வர்ற சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் திண்ணையில சேர் போட்டு ஸ்டம்பைத் தொங்கவிட்டுட்டே பேசிட்டிருந்திருக்கார், ராத்திரி ஆனா தலகாணி. அவங்க அம்மா என்கிட்ட, "புள்ளை வலியில முனகுறான் தம்பி, அதான் நானே வெச்சேன்"னு சொன்னாங்க. அவங்களை எப்படிக் குறை சொல்றது? டிஸ்சார்ஜ் பேப்பர்ல "எக்சர்சைஸ் செய்யவும்"னு ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினவங்களைத்தான் சொல்லணும். கால் ஃபிட்டிங்குக்குப் போனவரைத் திருப்பி அனுப்பிட்டாங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நீட்டி மாவுக்கட்டு போட்டு, பிரிச்சு, மறுபடி நீட்டிப் போட்டுன்னு மாசக்கணக்குல போச்சு. அவரோட அடிபட்டவங்க அதுக்குள்ள நடந்துட்டிருந்தாங்க. முதல் நாளே ஒருத்தர் ரெண்டு நிமிஷம் உக்காந்து பேசியிருந்தா இது எதுவுமே நடந்திருக்காது.

வீக்கத்துக்கு உயர்த்தணும்னா கட்டிலோட கால்மாட்டுப் பக்கத்தையே உயர்த்துங்க. வீல்சேர்ல முழங்கால் நேரா இருக்கற மாதிரி ஒரு பலகை வெச்சு அதுமேல ஸ்டம்பை நீட்டி வைக்கணும். டாக்டர் சரின்னு சொன்னதும் குப்புற படுக்கறது, ஒரு தடவைக்கு இருபது நிமிஷம், நாளைக்கு ரெண்டு மூணு தடவை, இடுப்பும் சேர்ந்து நேராகும். முழங்காலோட பின்பக்கத்தை மெத்தையில அழுத்தி அஞ்சு செகண்ட் பிடிச்சு விடறதை டிவி பாத்துட்டே பண்ணலாம்.

புது பிசியோக்களுக்கு இன்னொண்ணு. குண்டுவெடிப்பு காயத்துல தசைக்குள்ள எலும்பு வளர்ற பிரச்சனை ரொம்ப சகஜம். நீட்டும்போது ஒரு இடத்துல கல்லு மாதிரி தட்டுப்பட்டு சுருக்குன்னு வலிச்சா பலத்தைக் காட்டாதீங்க, முதல்ல எக்ஸ்ரே.

பேண்டேஜை வட்டமா சுத்தறது

ஸ்டம்ப்ல எட்டு வடிவத்துல சுத்துங்க, நுனியில இறுக்கமா, மேல போகப்போக தளர்வா. வட்டமா சுத்தினா மேல இறுகி நுனி குண்டாகிடும், அது சாக்கெட்டுக்குள்ள நுழையாது.

முதல் கால் வர்றதுக்கு முன்னாடியே பிளேடு கேக்கறது

1999 கார்கில் போர்ல அடிபட்டு கால் இழந்த மேஜர் டி.பி.சிங் பிளேடு (வளைஞ்ச தகடு மாதிரி செயற்கைக் கால்) மாட்டி ஓடற வீடியோவைப் பாத்துட்டு எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. ஆசைப்படறது தப்பே இல்ல, அந்த வீடியோவால எழுந்து உக்காந்தவங்களை நானே பாத்திருக்கேன். ஆனா பிளேடு ஓடறதுக்குன்னு செஞ்சது, அதுக்கு குதிகால் கிடையாது, அதை மாட்டிட்டு ரேஷன் கடை வரிசையில அசையாம நிக்கறதே கஷ்டம். புனேல 1944லருந்து இருக்கற ராணுவ செயற்கை உறுப்பு மையத்துக்குப் போறவங்க முதல்ல தினசரி கால்ல நல்லா நடக்கட்டும். பென்ஷன் வாங்கிட்டு வயல் வேலைக்குப் போறவருக்கு, 1960கள் கடைசியில ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே.சேத்தியும் உருவாக்கின ஜெய்ப்பூர் கால் வகை இன்னைக்கும் பிரமாதமா உதவுது, ஷூ இல்லாம சேத்துல இறங்கலாம், தரையில சம்மணம் போட்டு உக்காரலாம். இன்னும் சிலர் முழங்காலுக்குக் கீழ போனதுக்கு கம்ப்யூட்டர் வெச்ச முழங்கால் கேக்கறாங்க, சொந்த முழங்காலே இருக்கறப்ப அது தேவையே இல்ல.

இல்லாத கால் வலிக்குதுன்னா "மனப்பிரமை"ன்னு சொல்றது

சொல்லவே சொல்லாதீங்க, வலி நிஜம். ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்ச நம்ம வி.எஸ்.ராமச்சந்திரன் 1990கள்ல கொண்டு வந்த கண்ணாடி சிகிச்சையை (கண்ணாடியில தெரியற நல்ல காலை இல்லாத காலா நினைச்சுப் பாத்து அசைக்கறது) அமெரிக்காவோட வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரில கால் போனவங்ககிட்ட சோதிச்சு 2007ல வெளியிட்டாங்க. ஆறு ஆறு பேரா மூணு குரூப், தினம் 15 நிமிஷம். நல்ல கால் கண்ணாடியில அசையறதைப் பாத்த ஆறு பேருக்குமே வலி குறைஞ்சுது, கண்ணாடியைத் துணி போட்டு மூடின குரூப்ல ஒருத்தருக்குத்தான் குறைஞ்சுது. சின்ன ஆய்வுதான், எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன், ஆனா வீட்டு நிலைக்கண்ணாடியே போதும்ங்கறப்ப முயற்சி பண்ணாம விடறது அநியாயம்.

காலையில ஸ்டம்பைக் கழுவிட்டு உடனே கால் மாட்டறது

ராத்திரி கழுவுங்க. ஈரத்தோல் சாக்கெட்ல உரசி புண்ணாகும்.

குதிகால் உயரம் வேற இருக்கற செருப்புக்கு மாறறது

அலைன்மென்ட் போச்சு.

லூஸா இருக்கறதை சகிச்சுக்கறது

முதல் வருஷம் ஸ்டம்ப் சுருங்கிட்டே இருக்கும், கால் ஆட ஆரம்பிக்கும், நம்ம ஜவான்கள் கம்ப்ளைன்ட் பண்ணவே மாட்டாங்க, பல்லைக் கடிச்சுட்டு நடப்பாங்க, எலும்பு முனையில தோல் கிழிஞ்ச பிறகுதான் வருவாங்க. காலையில ஸ்டம்ப்ல ஒரு சாக்ஸ், மதியம் லூஸானா இன்னொண்ணு. சாக்ஸ் மேல சாக்ஸ் போட்டும் ஆடுதுன்னா சாக்கெட்டையே மாத்தணும், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம போன் பண்ணிக் கேளுங்க.