கார்ச் சின்னங்களுக்குப் பொருள் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் மாலை நெரிசலில் வண்டிகள் ஊர்ந்து செல்லும்போது, முன்னால் நிற்கும் கார்களில் 'எச்' என்ற ஆங்கில எழுத்து இரண்டு விதமாகத் தென்படும். ஹோண்டாவின் எச் நிமிர்ந்து, மேற்பக்கம் சற்று விரிந்து, முனை மழுங்கிய கட்டத்துக்குள் நிற்கும். ஹூண்டாயின் எச் வலப்பக்கம் சாய்ந்து நீள்வட்டத்துக்குள் அடங்கும். முன்னது ஜப்பானிய நிறுவனம், பின்னது தென்கொரிய நிறுவனம், இரண்டுக்கும் உறவில்லை. ஹூண்டாயின் சாய்ந்த எழுத்து, நிறுவனமும் வாடிக்கையாளரும் கைகுலுக்கும் காட்சியையும் குறிப்பதாக அந்நிறுவனமே சொல்கிறது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போன் செய்து "எச் போட்ட வண்டி" என்று மட்டும் சொன்னால் வேறு வண்டியின் பிரேக் பேடு வந்து சேரக்கூடும் என்பதால், ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து மாடலையும் ஆண்டையும் சொல்வதே நல்லது.

வடிவத்தைப் பார்த்தே பொருளை ஊகிப்பது இதைவிடப் பரவலான தவறு. பி.எம்.டபிள்யூ சின்னம் சுழலும் விமானச் சுழல்விசிறியைக் காட்டுகிறது என்று பலரும் உறுதியாகச் சொல்வார்கள். உண்மையில், 1917-இல் பதிவான அச்சின்னத்தின் கறுப்பு வளையம் அதற்கு முன்னிருந்த ராப் நிறுவனத்தின் சின்னத்திலிருந்து வந்தது. நீலமும் வெள்ளையும் பவேரிய மாநிலத்தின் நிறங்கள். அரசுச் சின்னங்களை வணிகக் குறியில் பயன்படுத்த அன்றைய சட்டம் இடம் தராததால், நிறங்களின் வரிசையை மாற்றி வைத்தார்கள். விமானத்தின் சுழல்விசிறியோடு இச்சின்னத்தை இணைத்துக் காட்டிய விளம்பரம் 1929-இல்தான் வெளிவந்தது. கதை கேட்க நன்றாக இருந்ததால் நிலைத்துவிட்டது; நிறுவனமும் வெகுகாலம் அதை மறுக்க மெனக்கெடவில்லை.

ஆடியின் நான்கு வளையங்களுக்கும் ஒலிம்பிக்குக்கும் தொடர்பில்லை; 1932-இல் ஆடி, டி.கே.டபிள்யூ, ஹார்ச், வாண்டரர் ஆகிய நான்கும் இணைந்ததன் அடையாளம் அது. ஃபெராரியிலும் போர்ஷேயிலும் பின்னங்காலில் எழுந்து நிற்கும் குதிரையைக் கண்டு இரண்டையும் முடிச்சுப்போடுவதும் சரியன்று. முன்னது முதல் உலகப்போரில் இறந்த இத்தாலிய விமானி பிரான்செஸ்கோ பராக்காவின் விமானத்தில் இருந்த குதிரை. பின்னது ஸ்டுட்கார்ட் நகரின் முத்திரைக் குதிரை.

சுபாருவின் ஆறு விண்மீன்கள் நம்மவர்களுக்கு உடனே கார்த்திகைப் பெண்கள் அறுவரை நினைவூட்டும். வானத்தில் அது அதே கூட்டம்தான். ஆனால் சின்னத்தில் ஐந்து சிறிய விண்மீன்கள் ஒன்றிணைந்த ஐந்து நிறுவனங்களையும், பெரியது அவை சேர்ந்து 1953-இல் உருவான ஃபியூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸையும் குறிக்கின்றன.

தெளிவைப் பொறுத்தமட்டில் 2021-இல் வந்த கியாவின் புதிய சின்னத்தைத்தான் குறை சொல்லத் தோன்றுகிறது. எழுத்துகளை ஒரே கோடாக இணைத்ததில், பலர் அதை 'கே.என்.' என்றே படித்தார்கள்.

தக்கலையிலோ நாகர்கோவிலிலோ ஒர்க்‌ஷாப் திறப்பவர்கள், பெயர்ப் பலகையில் ஒரு கார் நிறுவனத்தின் சின்னத்தைச் சற்றே மாற்றி வரைந்தால் சிக்கல் வராது என்று எண்ணிவிடக் கூடாது. அந்நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையம் என்று வாடிக்கையாளரை நம்பவைக்கும் அளவுக்கு ஒத்திருந்தாலே, 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின்படி அது மீறலாகக் கருதப்படலாம்.