காற்றை மறந்த செப்புச் சம்மனசுகள்

எக்காளம் ஊதியபடி படுக்கைவாட்டில் பறக்கும் கபிரியேல் தூதர். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில், தேவாலயக் கோபுரங்களில் காற்றின் திசை காட்டிய உருவம் இது. மாசசூசெட்ஸ் மாநிலம் நியூபரிபோர்ட் ஊரில் மெதடிஸ்ட் தேவாலயத்துக்காக 1840இல் செய்த கபிரியேல் இவற்றில் பேர்போனவர். 1965இல் வந்த 5 சென்ட் கிறிஸ்துமஸ் தபால்தலையில் இருப்பவர் அவர்தான். அந்த வடிவத்தைப் பார்த்து ஆசைப்பட்டு இன்றும் பலர் செப்புத் தகட்டில் கையால் அடித்துச் செய்கிறார்கள், வாங்குகிறார்கள். முகமும் சிறகும் அழகாக வந்துவிடுகின்றன. காற்றைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

தவறு வரையும்போதே தொடங்கிவிடுகிறது. இரு சிறகையும், உருவம் சுழலும் செங்குத்துத் தண்டுக்கு இடமும் வலமும் ஒரே அளவில் விரித்து நிற்கும் சம்மனசு (தேவதூதர்) பீடத்துக்குப் பொருத்தம், கூரைக்கு அல்ல. இரண்டு பக்கமும் பரப்பு சமமாக இருந்தால் காற்றின் தள்ளலும் சமமாகிவிடும். உருவம் திசை தெரியாமல் ஆடும், அல்லது குறுக்காக நின்றுவிடும். நியூபரிபோர்ட் கபிரியேலைக் கவனியுங்கள். தண்டுக்கு முன்னால் மெலிந்த எக்காளமும் கையும் தலையும். பின்னால் சிறகு, அங்கி, கால்கள். காற்று பின்பக்கத்தைத் தள்ளிவிட, எக்காளம் காற்று வரும் திசைக்குத் திரும்புகிறது. நிற்கும் தூதரும் சுழலலாம், சிறகுகள் முதுகுக்குப் பின்னே நீண்டிருந்தால். வெனிஸில் சான் மார்கோ மணிக்கூண்டு உச்சியில் காற்றுக்குத் திரும்பும் பொன் தூதர் நின்றபடிதான் இருக்கிறார்.

பரப்பு இப்படி ஏறுமாறாக இருக்க வேண்டும். எடை மட்டும் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். பலரும் சறுக்கும் இடம் இதுதான். பின்னால் தகடு அதிகம் என்பதால் பின்பக்கம் கனக்கும். தண்டு இம்மியளவு சாய்ந்திருந்தாலும் கனமான பக்கம் தாழ்வை நோக்கிப் போய் உட்கார்ந்துகொள்ளும். மெல்லிய காற்று அதை அசைக்காது. பழைய கைவினைஞர்கள் தலைக்குள் ஈயம் வைத்து இதைச் சரிக்கட்டினார்கள். ஏற்றுவதற்கு முன் தண்டைப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். எந்த நிலையில் விட்டாலும் உருவம் அப்படியே நிற்க வேண்டும்; ஒரு பக்கம் தொங்கினால் வேலை முடியவில்லை.

தூதர் காட்டுவது காற்று போகும் திசை என்று நினைப்பவர்களும் உண்டு. நமக்கு இந்தக் குழப்பம் வரவே கூடாது. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை. வரும் திசையை வைத்தே நாம் காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறோம்.

அப்புறம், தகட்டு வேலை. செம்பு அடிக்க அடிக்க இறுகும். சிறகின் மடிப்புகளில் அவசரப்பட்டு அடித்துக்கொண்டே போனால் விரிசல் விடும். நடுநடுவே சிவக்கச் சூடாக்கி ஆறவைத்து இளக்கிக்கொள்ள வேண்டும். பொறுமையில்லாத வேலையை அங்கியின் மடிப்புகளிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

செப்புத் தூதரை இரும்பு ஆணியால் பொருத்துவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, ஏனென்றால் அது வெளியே தெரியாமல் அரிக்கும். ஈரம் பட்டால் இரண்டு உலோகங்களும் மின்கலம் போலாகி இரும்பு வேகமாகக் கரையும். நியூயார்க் சுதந்திர தேவி சிலைக்கே இது நேர்ந்தது. 2.4 மில்லிமீட்டர் செப்புத் தகட்டுக்கும் உள்ளிருந்த இரும்புச் சட்டத்துக்கும் நடுவே வைத்த காப்புப் பொருள் நைந்துபோனது. 1986இல் முடிந்த சீரமைப்பில் இரும்புச் சட்டங்களை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு போட்டார்கள். சிறிய உருவத்துக்குச் செப்பு அல்லது பித்தளை ஆணி போதும். தகரக் கூரைமேல் வைப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: செம்பில் பட்டு வழியும் மழைநீர் கீழே துத்தநாகப் பூச்சை அரித்துவிடும்.

உருவத்தின் அடியில் சிறு வடிகால் துளை விட மறக்காதீர்கள். இரண்டு பாதிகளை ஒட்டிய, உள்ளே வெறுமையான உடல் அது. எங்காவது நீர் புகுந்தே தீரும். பனிக்காலத்தில் அந்த நீர் உறைந்து விரிந்தால் ஒட்டுவாய் பிளக்கும்.

சரி, மாட்டியாகிவிட்டது. சில மாதங்களில் செம்பு பழுப்பாகும். பல ஆண்டுகள் கழித்துப் பச்சை படரும், கடலோரத்தில் சீக்கிரமே. இதை அழுக்கு என்று எண்ணிப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். சமையலறைப் பாத்திரத்துக்குப் பளபளப்பு சரி. கூரைமேல் அந்தப் படலம்தான் உலோகத்துக்குக் கவசம். பழைய உருவமாக இருந்தால் அதன் வரலாறும் சந்தை மதிப்பும் தேய்ப்போடு போய்விடும். பொன்னிறம்தான் வேண்டும் என்றால் முறையாக அடிப்பூச்சு கொடுத்து அசல் தங்கத் தாள் ஒட்டுங்கள். பித்தளைப் பொடி கலந்த ‘கோல்டு பெயின்ட்’ சீக்கிரமே கறுத்துவிடும்.

அடியில் இருக்கும் வடக்கு, தெற்கு எழுத்துக்களைக் கைத்திசைமானியை மட்டும் நம்பித் திருப்பி வைப்பதும் தவறு. பாஸ்டன் பக்கத்தில் காந்த ஊசி மெய்யான வடக்கிலிருந்து சுமார் 14 பாகை மேற்கே விலகி நிற்கிறது. அவ்வளவு விலகினால் தூதர் சொல்லும் திசையும் பிசகிவிடும். தெளிந்த இரவில் துருவ நட்சத்திரத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் ஏணி போட்டு ஏறுங்கள்.